காதுக்குள் கச்சேரி

சென்ற ஆவணியிலே கனடாவிலிருந்து வந்திறங்கிய நமது பெறாமகன், எல்லாரையும் போலச் சொக்கலேற்றும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுவந்ததோடு, கறுப்புத் தோலுறையிட்ட சிறு பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தான். அதனை அவன் திறந்தபோது வீட்டார் அனைவரும் நகையென்றே எண்ணிக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தோம். உள்ளே நகையில்லை. பஞ்சு மெத்தையிலே, புளியங்கொட்டைப் பருமனில், சோடி சோடியாகச் சில கருவிகள் கிடந்தன. காதுக்குள்ளே செருகிப் பாட்டுக் கேட்கும் கருவிகளாம். ஒரு சோடியின் விலையைச் சொன்னான். ஒரு டொலருக்கு முந்நூறு ரூபா என்று மனத்துள் பெருக்கிப் பார்த்தோம். நாலு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. “நல்ல கறவைப் பசுவொன்று கன்றோடு வாங்கலாமே!” என்று கூறிவிட்டு நமது இல்லாள் அடுக்களைக்குப் போய்விட்டார்.

பெயர்ப் பிரச்சினையை முதலிலே தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டுப் பாடநூல்களுக்குக் கலைச்சொல் ஆக்கித் தந்த பெரியோர் ‘மைக்’ என்பதற்கு நுணுக்குப்பன்னி என்றும், காதிலே வைத்துக் கேட்பதற்குச் செவிப்பன்னி என்றும் பெயரிட்டனர். பன்னுதல் என்றாற் சொல்லுதல். செவியிலே சொல்வது செவிப்பன்னி. நல்ல பெயர்தான். ஆனால் நம் மாணாக்கருள் ஒருவரேனும் அதனைச் சொல்லக் கேட்டிலோம். அவர்களுக்கு அது ‘ஹெட்செற்’, கடைக்காரருக்கு ‘இயர்போன்’. நாம் இங்கே செவிப்பன்னி என்றே எழுதப் போகிறோம். வாசகர் பொறுத்தருள்க.

இப் பொருளைப் பற்றி எழுதவேண்டுமென்று மாணவர் சிலர் நம்மை நெடுநாளாக நெருக்கி வந்தனர். “சேர், ஆயிரம் ரூபாச் சாமானுக்கும் இலட்ச ரூபாச் சாமானுக்கும் மெய்யாகவே வித்தியாசம் உண்டா?” என்பதே அவர்களின் கேள்வி. கேட்டுப் பாராமல் விடை சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. இலட்ச ரூபாச் சாமானைக் கேட்கும் வாய்ப்போ நமக்கு இல்லாதிருந்தது. பெறாமகன் தன் விடுமுறையின் மூன்று கிழமையும் அவ் வாய்ப்பைத் தந்தான். நாமும் ஒருகை பார்ப்போம் என்று இறங்கினோம். இறங்கிய இடத்திலே வேறொன்றையும் கண்டோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இக் கருவிகளின் பிறப்பு வரலாறு சுவையானது. பாட்டுக் கேட்கும் இந்தச் சிறு கருவி, காது கேளாதோர் அணியும் கருவியின் வயிற்றிலே பிறந்த பிள்ளை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் எற்றிமோட்டிக் என்றொரு சிறு கொம்பனி 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய மீட் கில்லியன் என்பவர் செவிப்புலன் பற்றி ஆராய்ந்த அறிஞர். அவர் கொம்பனி 1991இல் வெளியிட்ட ஈ.ஆர்.4 என்ற செவிப்பன்னியே, காதுக் குழாயினுள் ஆழச் செருகி நுட்பமாக இசை கேட்கும் வகைக்கு முன்னோடியென்பர். அதனுள்ளே இருந்த ஒலியெழுப்பும் உறுப்பு, கேட்டற்கருவிகளுக்காக ஆக்கப்பட்டு வந்த வகையைச் சேர்ந்தது. நாலாண்டு கழித்து, 1995இல், ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், வான் ஹேலன் என்ற பெருஞ்சத்தக் கோஷ்டியின் மேளகாரருக்காக, அவர் காதின் அச்செடுத்துத் தனிக் கருவி செய்துகொடுத்தார். மேடையிலே தன்னைச் சுற்றி இடிமுழக்கம் நிகழ, தான் வாசிப்பதைத் தானே கேட்க இயலாத மேளகாரருக்கு அது பெரும் உதவியாயிற்று. அல்ற்றிமேற் இயேர்ஸ் என்ற கொம்பனி அவ்வாறு தோன்றியது. இன்னொன்றையும் கூறவேண்டும். ஜேர்மனியின் புகழ்பெற்ற சென்னைசர் கொம்பனி, வீட்டு வாடிக்கையாளருக்கான தன் செவிப்பன்னித் தொழிலை 2022இல் சொனோவா என்ற சுவிஸ் கொம்பனியிடம் ஒப்படைத்தது. சொனோவாவின் தலையாய தொழில் கேட்டற்கருவி செய்வது. பிள்ளை தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்க.

உள்ளே நடப்பது என்ன? பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, நம் கோயில் ஒலிபெருக்கியில் உள்ளதைப் போலவே காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளொன்று, அதனோடு ஒட்டிய மெல்லிய படலம். மின்னோட்டத்துக்கேற்பச் சுருள் ஆட, படலமும் ஆடிக் காற்றைத் தள்ளும். மற்றது, கேட்டற்கருவி வழி. இரு காந்தங்களுக்கிடையே சமநிலையில் நிற்கும் சிறு உலோகத் தகடு, மின்னோட்டத்தால் இப்புறமும் அப்புறமும் சாயும். அதன் நுனியிலுள்ள ஊசி ஒரு படலத்தை அசைக்கும். முன்னதற்குக் கீழ்ச்சுரம் இயல்பாக வரும். பின்னது அரிசிமணி போலச் சிறிதாக அமையக்கூடியது, நுட்பமானது, ஆனால் ஒன்றே எல்லாச் சுரங்களையும் சுமக்கத் திணறுவதால், விலை கூடிய கருவிகளிலே மூன்று நான்காக வைத்துக் கீழ்ச்சுரம், நடுச்சுரம், மேற்சுரம் என்று வேலையைப் பங்கிட்டு விடுவர்.

கருவியை விடக் காதே விசித்திரமானது. நம் காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளம். நேராகப் போகாமற் சற்று வளைந்து செல்வது. வெளிப்பகுதி குருத்தெலும்பு, உட்பகுதி என்பின்மேல் மெல்லிய தோல். வெளிப்பகுதியில் எதனைச் செருகினாலும் ஓரளவு இடங்கொடுக்கும். உட்பகுதியோ சிறு தொடுகையையும் பொறுக்காது. ஆளுக்காள் குழாய் வேறு. ஒரே ஆளின் இடக்காதும் வலக்காதும் கூட வேறு. ஆகவே “எந்தச் செவிப்பன்னி சுகமானது?” என்று பொதுப்படக் கேட்பது, “எந்தச் செருப்பு அளவானது?” என்று கேட்பதை ஒக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்த காதுக் குழாய், புல்லாங்குழலைப் போலத் தானும் ஒரு சுரத்தை ஓங்கச் செய்வது. அது செக்கனுக்கு மூவாயிரம் அதிர்வை அண்டியது. குழாயை அடைத்தவுடன் அந்த இயற்கை ஓங்கல் மாறிப்போகும். அதனை ஈடுசெய்து, மூவாயிரத்தின் அண்டையில் ஒலியைச் சற்று உயர்த்தியே நல்ல கருவிகளை அமைக்கின்றனர். எவ்வளவு உயர்த்துவது என்பதிலேதான் கொம்பனிக்குக் கொம்பனி கைவண்ணம் வேறுபடுகிறது.

எதனைக் கேட்டுச் சோதிப்பது? பெறாமகன் மேனாட்டுப் பாட்டுகள் பலவற்றை வைத்திருந்தான். நமக்கு அவை புதியன. புதிய பாட்டிலே குறை தெரியாது. நன்கு பழகிய ஒன்று வேண்டும். ஆகவே தவிலுக்குப் போனோம். அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில்மேதை தட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவு ஒன்று நம்மிடம் உண்டு. ஒலிநாடாவிலிருந்து பிரதிக்குப் பிரதி எடுத்ததால் இரைச்சல் நிறைந்தது. ஆயினும் பல ஆண்டுகளாகக் கேட்டு ஒவ்வோர் அடியும் மனப்பாடம். நாதஸ்வரக் கச்சேரியைப் போன்றதொரு சோதனை வேறில்லை என்போம். பூவரசங் கழியால் அடிபடும் தொப்பிப் பக்கம் கீழ்ச்சுரத்துக்கு, கூடு மாட்டிய விரல்கள் பொழியும் வலந்தலை, விரைவுக்கு, நாதஸ்வரம் நடுச்சுரத்துக்கு, தாளத்தின் வெண்கலக் கணீர், உச்சிச் சுரத்துக்கு. இந் நான்கும் ஒன்றையொன்று விழுங்காமற் கேட்குமாயின் கருவி நல்லது.

ஒப்பிடுமுன் பெறாமகன் ஒரு நிபந்தனை விதித்தான். எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்தே கேட்கவேண்டும். செயற்கைக் காதுக் குழாய் போன்ற சிறு உலோகக் கருவியொன்றிலே ஒவ்வொன்றையும் பொருத்தி அளந்து சரிசெய்தான். நாம் வியந்தபோது காரணஞ் சொன்னான்: சிறிதளவு கூடுதலான சத்தம் நம் மனத்துக்குக் கூடுதற் சத்தமாகத் தோன்றாது, ‘மேலான ஒலி’யாகவே தோன்றும். கடையிலே ஒன்றை மெல்லெனவும் மற்றதைச் சற்று உரக்கவும் ஒலிக்கவிட்டால், எவரும் உரத்ததையே வாங்கிச் செல்வர். இவ்வொரு செய்தியை அறிந்திருந்தால் மாணவர் பலரின் பணம் மிச்சமாகும்.

முதலிலே எற்றிமோட்டிக். 1991இன் ஈ.ஆர்.4 வழிவந்து 2016இல் வெளியான ஈ.ஆர்.4 எஸ்.ஆர். பென்சிற்றுண்டு போன்ற நேரான குழாய். அதன் நுனியிலே ஒன்றன்மேலொன்றாக மூன்று சிலிக்கன் குடைகள். குடையைச் சற்று நனைத்துக் காதின் மடலை மேலே இழுத்து உள்ளே தள்ளவேண்டும். தள்ளினோம், உடனே இருமல் வந்தது. மறுபடி தள்ள, மறுபடி இருமல். சுகவீனம் அன்று, காதுக் குழாய்க்கு வரும் ஒரு நரம்புக்கிளை, தொண்டைக்கும் மார்புக்கும் செல்லும் பெருநரம்பின் கிளையேயாதலால், சிலருக்குக் காதைத் தொட்டால் இருமல் வருமாம். இருமி ஓய்ந்தபின் கேட்டோம். வெளியுலகம் மறைந்தது, முற்றத்திலே கூவிய சேவலின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒலியோ ஒளிவுமறைவற்றது. வலந்தலையின் ஒவ்வொரு விரலும் தனித்தனியே விழுந்தது. ஒலிநாடாவின் இரைச்சலும் அவ்வாறே தனித்து விழுந்தது. ஆனால் தொப்பியின் கும்காரம் மெலிந்து, தவில் பக்கத்து வீட்டிலே வாசிப்பதுபோல இருந்தது. அரைமணி நேரத்தில் காது கெஞ்சத் தொடங்கியது. திருத்த வந்த வாத்தியாரைப் போன்ற கருவி. மதிக்கலாம், நெடுநேரம் உடனிருக்க முடியாது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஷுவர் கொம்பனி 2013இல் வெளியிட்ட எஸ்.ஈ.846. ஷுவர் என்றால் நம் கோயில் மேடைகளிலே மைக் பிடித்துப் பாடுவோருக்கெல்லாம் தெரியும்; அவர்கள்தாம். வெளிவந்தபோது ஆயிரம் டொலருக்கு ஒரு டொலர் குறைவு. உள்ளே தகடாடும் உறுப்புகள் நான்கு. கீழ்ச்சுரத்தைப் பிரித்தெடுக்க, மெல்லிய உருக்குத் தகடுகள் பத்தினை ஒட்டி, அவற்றிலே குடைந்த நெடுவழியூடாக ஒலியைச் செலுத்துகின்றனர். நுனிக் குழலை மாற்றி ஒலியின் நிறத்தைச் சிறிது மாற்றவும் வழியுண்டு. வயர் காதின் மேலாகச் சுற்றிப் பின்புறம் இறங்குவதால் பாரம் தெரியவில்லை. நுனிக் குழல் மெலிது. அதன்மேல் மஞ்சள் நுரைப்பஞ்சு உறை. அதனை விரல்களுக்கிடையே உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டால், மெல்ல விரிந்து குழாயை நிறைக்கும். சுகத்துக்கு நாம் முதலிடம் இதற்கே கொடுப்போம். ஒருநாள் பின்னேரம் இதனை மாட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையிலே இரண்டு மணி நேரம் இருந்தோம்; தேநீர் ஆறிப்போனது தெரியவில்லை. ஒலி வெதுவெதுப்பானது. தொப்பி வீட்டுக்குள் வந்துவிட்டது. நாதஸ்வரம் தேனாயிற்று. தாளம் மட்டும் துணியாற் பொதிந்து அடிப்பதுபோல் இருந்தது. பழைய ஒலிப்பதிவுகளுக்கு அதுவும் ஒரு நன்மையே; இரைச்சலும் அடங்கிப் போகிறது.

மூன்றாவது, கறவைப் பசுவின் விலையினது. சென்னைசர் ஐ.ஈ.900, 2021இல் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது டொலருக்கு வெளிவந்தது. ஷுவரிலே நான்கு உறுப்பிருக்க, விலை கூடிய இதிலே ஒன்றேயொன்று. ஏழு மில்லிமீற்றர் அகலமான, சுருளால் ஆடும் பழைய வழிப் படலம். உடலை ஒரே அலுமினியக் கட்டியிலே குடைந்து, அதனுள்ளே மூன்று சிறு அறைகளையும் செதுக்கி, வேண்டாத ஓங்கல்களை அவ்வறைகளிலே அடங்கச் செய்துள்ளனர். குடத்தின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுமல்லவா? அதே தத்துவம், மறுதலையாக. காதின் வாசலிலேயே தங்குவதால் இருமல் இல்லை. ஆனால் பேசினாலும் மென்றாலும் தாடையின் அசைவில் நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்தவுடன் கீழ்ச்சுரம் ஓடிப்போகும். நமக்கேற்ற அளவு சிலிக்கன் நுனியைத் தேட ஒருநாள் சென்றது. அது பொருந்தியபின், ஐயா, நாம் கோயில் வீதியிலே நின்றோம். தவிலின் இரு பக்கமும், நாதஸ்வரத்தின் மூச்சும், இரண்டாம் ஆவர்த்தனத்தில் எவரோ ‘ஆகா’ என்றதும் வெவ்வேறு தூரத்திலே கேட்டன. அந்த ‘ஆகா’வை இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டிலோம்.

இனி, பின்னர்ச் சொல்வோம் என்றது. மூன்றாவது கருவியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தாளம் வலப்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டோம். “தம்பி, உன் நாலு இலட்சத்தின் இடப்பக்கத்திலே பழுது” என்றோம், சற்று உவகையோடு. அவன் தன் காதிலே மாட்டிப் பார்த்துவிட்டு, “இல்லைச் சித்தப்பா, நடுவிலேதான் நிற்கிறது” என்றான். அது ஒற்றைத் தடத்துப் பழைய ஒலிப்பதிவு. இரு காதுக்கும் அனுப்பப்படுவது ஒன்றே. ஆகவே எல்லாம் தலையின் நடுவிலேதான் கேட்கவேண்டும். மறுபடி எற்றிமோட்டிக்கை எடுத்தான். அது நேரான குழாயாதலின் இடம்வலம் மாற்றிச் செருகலாம். மாற்றினான். தாளம் வலப்பக்கத்திலேயே நின்றது. மீண்டும் மாற்றினான். வலப்பக்கந்தான். அவன் ஒன்றும் பேசாமற் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

பழுது நாலு இலட்சத்திலன்று, நம் இடக்காதிலே.

அடுத்த கிழமை அரசினர் வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குச் சென்றோம். சத்தம் புகாத சிறு அறையில் இருத்தி, கூக்கூவென்று வெவ்வேறு சுரங்களை மெல்ல மெல்லக் குறைத்து ஒலிக்கவிட்டுக் கேட்கிறதா என்று பார்த்தனர். வரைந்து தந்த கோடு, வலக்காதுக்கு ஏறத்தாழ நேராகச் சென்றது. இடக்காதுக்கோ நாலாயிரம் அதிர்வின் அண்டையிலே பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பெருஞ்சத்தத்தாற் கெட்ட காதிலே பெரும்பாலும் அவ்விடத்திலேதான் அத்தகைய பள்ளம் விழுமாம். உட்காதிலே ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் பதினையாயிரம் அளவில் உள்ளன. மனிதருக்கு அவை இறந்தால் மறுபடி முளைப்பதில்லை. “சிறுவயதில் பக்கத்தில் குண்டு ஏதும் வெடித்ததா?” என்று வைத்தியர் கேட்டார். நம் வயதுடைய யாழ்ப்பாணத்தானிடம் கேட்கும் கேள்வியா அது? எந்தக் குண்டு என்று சொல்வது? நாம் தலையை மட்டும் அசைத்தோம். “பாட்டுக் கேட்பதுண்டா, காதிலே மாட்டி?” என்பது இரண்டாவது கேள்வி. அதற்கும் தலையை அசைக்க வேண்டியதாயிற்று. கொழும்புக்குச் செல்லும் இரவு பஸ்களிலே சாரதி போடும் சினிமாவின் கூச்சலை வெல்வதற்காக, போனுடன் வந்த செவிப்பன்னியை உச்சச் சத்தத்தில் வைத்து விடியும்வரை கேட்ட இரவுகள் எத்தனையோ. இரண்டிலே எது செய்த வேலையென்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது என்றார் வைத்தியர்.

வீடு வரும் வழியிலே பழைய காலம் நினைவுக்கு வந்தது. 1990ஆம் ஆண்டின் நடுவிலே போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சிறுவர்களாகிய நமக்கே சுழற்றும் பதவி. பி.பி.சி.யின் தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசையும் கேட்கப் பெரியவர்கள் சுற்றியிருப்பர். சுழற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். ஒலியின் தரத்தைப் பற்றி அன்று எவரும் குறை சொன்னதாக நினைவில்லை. ஆனால் அந்த நாட்களிலே, இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சி நம் காதுகளுக்கு நன்றாகவே கிடைத்தது.

ஆக, மாணவர் கேட்ட கேள்விக்கு நாம் சொல்ல நினைத்திருந்த விடை இடையிலே மாறிப்போயிற்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் ஒரு நியமம் வகுத்துள்ளன. வளர்ந்தோர்க்கு எண்பது டெசிபல் சத்தத்தில் கிழமைக்கு நாற்பது மணி நேரம். சிறுவர்க்கு எழுபத்தைந்து டெசிபலில் நாற்பது மணி நேரம். சத்தம் மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கவேண்டும். எண்பத்து மூன்றென்றால் இருபது மணி, எண்பத்தாறென்றால் பத்து, இவ்வாறே குறைத்துச் சென்றால் தொண்ணூற்றைந்திலே கிழமை முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரமே மிஞ்சும். ஓடும் பஸ்ஸிலே, காதை அடைக்காத மலிவுச் செவிப்பன்னியைப் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் உறுமலுக்கு மேலே பாட்டைத் தூக்கினால் தொண்ணூறை எட்டுவது எளிது. நல்ல பொருத்தமுள்ள செவிப்பன்னி வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் மெல்லெனக் கேட்டாலே போதும். விலையுயர்ந்த கருவியிலே நாம் கண்ட மெய்யான நன்மை இதுவே. இதற்கு நாலு இலட்சம் வேண்டியதில்லை. பொருத்தமான ஒரு நுனியே வேண்டும்.

இவ்விடத்திலே பெற்றோர் ஒரு கேள்வி கேட்பர். வெளிச்சத்தத்தைத் தடுப்பது நன்று, வீதியிலே? நன்றன்று. யாழ்தேவி 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபின், கதவும் காவலும் அற்ற கடவைகள் பல நம் ஊர்களின் ஊடே உள்ளன. காதை இறுக அடைத்துக்கொண்டு சைக்கிளிலே அவற்றைக் கடக்கும் பிள்ளைகளை நாம் கண்ணாற் காண்கிறோம். சேவலின் கூவலையே மறைத்த கருவி ரயிலின் ஊதலையும் மறைக்கும். கதிரையிலும் பஸ்ஸிலும் மாட்டுக. வீதியில் இறங்கினாற் கழற்றுக. இதிலே நாம் இரு பக்க நியாயம் பேச ஆயத்தமாக இல்லை.

விலையைப் பற்றி எஞ்சியதையும் சொல்லிவிடுகிறோம். பெறாமகனின் பெட்டியில் நாலாவது ஒன்றும் இருந்தது. மூன்ட்ரொப் என்ற சீனக் கொம்பனியின் ‘ஆரியா’. 2021இல் எண்பது டொலருக்கு வந்தது. நம் கணக்கில் இருபத்து நாலாயிரம் ரூபா. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நம் மகளின் கண்ணைச் சால்வையாற் கட்டி, நான்கையும் ஒவ்வொன்றாக மாட்டி, நல்லது எது என்று கேட்டோம். அவள் முதலிடம் ஆரியாவுக்குக் கொடுத்தாள், இரண்டாமிடம் சென்னைசருக்கு. (கண்ணைக் கட்டலாம், காதைக் கட்ட முடியாதே! எற்றிமோட்டிக் எதுவென்று இருமல் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த நரம்பு குடும்பச் சொத்துப் போலும்.) யெருன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 செவிப்பன்னிகளை அளந்து, சுரங்களை அவை ஒலிக்கும் ஒழுங்குக்கும் கடை விலைக்கும் தொடர்பெதுவும் இல்லையென்று 2017இல் வெளியிட்டிருக்கிறார். ஆயினும் நாம் ஒன்று சொல்வோம்: அந்த ‘ஆகா’ ஆரியாவிலே கேட்கவில்லை. சென்னைசரிலே கேட்டபின் ஆரியாவுக்குத் திரும்பினால் மங்கலாகக் கேட்டது. இருக்கிறதென்று தெரிந்தபின் கேட்பதும் தெரியாமற் கேட்பதும் ஒன்றல்ல. வித்தியாசம் உண்டு, மூன்றரை இலட்ச ரூபா வித்தியாசம் இல்லை.

சுத்தத்தையும் விடக்கூடாது. நம் ஊர் வெயிலும் வியர்வையும் அறிந்ததே. அடைத்த காதிலே ஈரம் தங்கினாற் பூஞ்சணம் பிடிக்கும், அரிப்பெடுக்கும், அதன்மேல் நெருப்புக்குச்சியும் கோழியிறகும் உள்ளே போகும், பிறகு வைத்தியசாலைதான். சிலிக்கன் நுனியை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிலே கழுவி உலர்த்தியபின் மாட்டுக. நுரைப்பஞ்சு உறை வியர்வையைக் குடித்துக்கொள்வதால் நம் நாட்டுக்கு அத்துணை உகந்ததன்று. அடிக்கடி மாற்றக் கைப்பொருள் உள்ளவர்க்கே அது. ஒருவரின் செவிப்பன்னியை மற்றவர் போடுவது ஒருவரின் பற்தூரிகையை மற்றவர் எடுப்பதற்கு ஒப்பு. வகுப்பிலே ஒரு சோடியை இருவர் பங்கிட்டு ஆளுக்கொரு காதிலே செருகும் நட்பு போற்றத்தக்கதே. காதுக்கு அது ஆகாது.

பெறாமகன் புறப்படும்போது சென்னைசரை நம்மிடம் விட்டுச்செல்ல முனைந்தான். நாம் மறுத்துவிட்டு ஆரியாவை வாங்கிக்கொண்டோம். தாளம் எந்தக் கருவியிலும் வலப்பக்கத்திலேதான் நிற்கப் போகிறது.

அயலிலே இணுவிலைச் சேர்ந்த முதிய தவில்காரர் ஒருவர் இருக்கிறார். கைநடுக்கம் வந்தபின் வாசிப்பதை விட்டுவிட்டார். தட்சணாமூர்த்தியை நேரிலே கேட்டவர். அவரைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, ஆரியாவை மாட்டிவிட்டோம். விரல்கள் கதிரைக் கையிலே தாமாகவே விழத் தொடங்கின. “கொஞ்சம் கூட்டிவிடுங்கோ மாஸ்ரர்” என்றார். கூட்டினோம். இன்னும் கூட்டச் சொன்னார். நாம் தயங்குவதைக் கண்டு, தாமே கையை நீட்டிப் போனை வாங்க முனைந்தார். நாம் கொடுக்கவில்லை. ஆவர்த்தனம் முடியும்வரை கண்ணை மூடியிருந்துவிட்டுக் கேட்டார்: “தவில் நல்லாக் கேட்குது. தாளம் போடுற பொடியன் எங்கை, வரேல்லையோ?”

வருகிற செவ்வாய்க்கிழமை காலை அவரையும் அந்தச் சத்தம் புகாத அறைக்கு அழைத்துச் செல்வதாக ஒழுங்கு செய்திருக்கிறோம். ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.